மெகா பிளாக்

குர்லா ஸ்டேஷன், கிழக்கு வாசல்,
நான்காம் எண் டிக்கெட் கவுண்டரில்
இடப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருப்பவள் நான்.
கூன் இல்லை.
நிமிர்ந்தால் உள்ளே ஏதோ ஒன்று
கடைவீதியில் பொம்மையைப் பார்த்துவிட்ட பிள்ளைபோல
முந்தானையைப் பிடித்து இழுக்கும்.

பத்தொன்பதில் அப்பென்டிக்ஸ் வெடித்தது.
இருபத்தேழில் ஹெப்சி, குறுக்கே கிழித்து.
நாற்பதில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள்,
மூக்கில் குழாய் விட்டு
நான்கு நாள் பச்சைப் பச்சையாய் இறக்கினார்கள்.
அட்ஹீஷன் என்றார் டாக்டர் கார்கானிஸ்.
ஒட்டு என்று நானே தமிழ்ப்படுத்திக்கொண்டேன்.
குடலோடு குடல். குடலோடு சுவர்.

எண்ணெய் பூசிப் புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
எனக்கு
ஒட்டக்கூடாததெல்லாம் ஒட்டியிருக்கிறது.

ஸ்கேனில் அது தெரியாது.
ரிப்போர்ட்டில் 'நார்மல்'.
அந்த ஒரு சொல்லுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
கேஸ்தான், என்கிறாள் பக்கத்துக் கவுண்டர் சுலக்ஷணா,
ஓமப் பொட்டலம் நீட்டுகிறாள்.
மறுப்பதில்லை.
டிராயரில் பதினொன்று சேர்ந்துவிட்டது.

கீரை கூடாது. கொய்யா கூடாது.
சோளம் கூடவே கூடாது.
ஜூலை மழையில் ஸ்டேஷன் வாசலில்
கரியில் வெடிக்கிறது சோளம்.
எலுமிச்சைத் துண்டில் மிளகாய்ப் பொடி தொட்டு
அவன் தேய்க்கும் சத்தம் வரைக்கும் எனக்குத் தெரியும்.
செல்வின் ஒன்று வாங்கி
அந்தப் பக்கம் திரும்பி நின்று தின்கிறார்.
பதினேழு வருஷக் கல்யாணத்தில்
எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை
அந்த முதுகு.

துளை போட்டுப் பிரித்துவிடலாம், என்றார் டாக்டர்.
பிரித்த இடம் ஆறும்போது
திரும்பவும் ஒட்டலாம்.
ஒட்டாமலும் போகலாம்.
நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், கேட்டேன்.
பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார்.
'என் வயிறு இல்லையே' என்றார்.
அதற்காகத்தான் இன்னும் அவரிடமே போகிறேன்.

ஞாயிறு பதினொன்றிலிருந்து நான்கு வரை மெகா பிளாக்.
தண்டவாளத்தைச் சரிசெய்யத்
தண்டவாளத்தையே மூடுவார்கள்.
கண்ணாடிக்கு அப்பால் ஒருவன் கத்துகிறான்:
போன வாரம்தானே செய்தீர்கள்?
போன வாரம்தான்.
அடுத்த வாரமும்தான்.
செய்யாமலே விட்டால் என்னாகும் என்று
இதுவரை எவனும் கேட்டதில்லை.
நானும்
வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு
அடுத்த ஆளுக்கு ரிட்டர்ன் டிக்கெட் கொடுக்கிறேன்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்து
எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் ஹெப்சி.
ராத்திரி, வாயில் பிரஷோடு:
'ஒவ்வொரு ஆபரேஷனும் ஒட்டு போடும்னா,
என்னாலயும் கொஞ்சமா, மம்மி?'
அப்பென்டிக்ஸ், என்றேன்.
எல்லாமே அப்பென்டிக்ஸ்.
எந்த இழை யாருடையது என்று
கார்கானிஸாலேயே சொல்ல முடியாதபோது
நான் சொன்னது எப்படிப் பொய்யாகும்?
நுரையைத் துப்பினாள்.
பன்னிரண்டு வயதில் தனிப் பாய் கேட்டு வாங்கிக்கொண்டவள்
அன்றைக்கு என்னோடு ஒட்டிப் படுத்தாள்.
அவள் முழங்கை
சரியாக அந்த இடத்தில்.
நகரச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு
உள்ளே ஒரு வண்டி கிளம்பியது,
நின்றது, முனகியது,
மறுபடி கிளம்பியது.
காற்றுப் பிரிந்தது.
தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த செல்வின்
இருட்டிலிருந்து சொன்னார்:
'ஸ்தோத்திரம்.'
ஹெப்சி சிரித்த சிரிப்பில்
எனக்குத் தையல் இருந்திருந்தால் பிரிந்திருக்கும்.

சம்மதப் பத்திரம் ஃபிரிட்ஜ் கதவில்.
காந்தம் பழசு, தினம் ஒரு விரல் கீழே வழுக்குகிறது.
தினம் ஏற்றி வைக்கிறேன்.
கையெழுத்து இடம் காலி.
தேதிக்கு மட்டும் பென்சிலால் ஒரு ஞாயிறு.
அன்றைக்கும் ஹார்பர் லைனில் பிளாக் இருக்கும்.
போவதென்றால்
டாக்சிக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.